பழைய சுத்தியல்: கண்ணும் முகமும்

காயலான் கடைக் குவியலில் கிடக்கும் சுத்தியல்களில் பலவற்றுக்கு மரப்பிடி இருக்காது. பிடி உடைந்ததும் யாரோ ஒரு ஜி.ஐ. குழாயைச் செருகி வெல்டிங் வைத்திருப்பார்கள். தலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படிப்பட்டதை நான் வாங்குவதில்லை. சுத்தியல் எஃகில் கரிச்சத்து சாதாரணக் கம்பியைவிட அதிகம், ஏறக்குறைய 0.5 முதல் 0.8 சதவீதம் வரை. அதில் வெல்டிங் பொறி பட்டு, உடனே ஆறிய இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெல்டிங்கை ஒட்டி மயிரிழை விரிசல் ஓடும். அரைத்து எடுத்தாலும் விரிசல் எதுவரை போயிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. குழாய்ப் பிடி முழங்கையைப் பதம் பார்ப்பது தனிக்கதை.

செம்புத் தகட்டில் கிண்ணம், தட்டு என்று சிறு பொருள்களை அடித்துப் பழகுகிறேன். அதற்கு மூன்று சுத்தியல்கள் தேவைப்பட்டன. பொது வேலைக்கு ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் உருண்டையுமான பால் பீன். தகட்டை வளைத்து ஏற்ற, குறுக்கே ஆப்பு வடிவ முனை உள்ள கிராஸ் பீன். கடைசியில் அடித்தடங்களைச் சமன் செய்ய, இரண்டு பக்கமும் வழவழப்பான முகம் கொண்ட பிளானிஷிங் சுத்தியல். இந்தக் கடைசி வகையைக் கார் டிங்கரிங் பட்டறைகளில் பார்க்கலாம். பட்டறையை மூடும்போதும் கைமாற்றும்போதும் பழைய சாமானோடு இவையும் வெளியே வரும்.

பழையது என்பதாலேயே எஃகு உசத்தி என்று நான் நம்புவதில்லை. இன்றைக்கு ஜலந்தரிலும் நாகௌரிலும் செய்து வரும் சுத்தியல்களிலேயே நல்லவை உண்டு. பழையதைத் தேடுவதற்குக் காரணம் வேறு. பக்கத்து ஹார்டுவேர் கடையில் இரண்டு மூன்று வடிவங்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். பழைய குவியலிலோ எந்தத் தொழிலாளியோ தன் வேலைக்கென்று தேய்த்து, வளைத்து, உருமாற்றிய தலைகள் கிடைக்கும். விலையும் கிட்டத்தட்ட இரும்பு எடைதான்.

முதல் இரண்டு தலைகளும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தன. செடிக் கன்றுகள், பறவைக் கூண்டுகள், பழைய மிக்ஸிகள் எல்லாவற்றையும் கடந்து போனால் தார்ப்பாயில் இரும்புச் சாமான் பரப்பியிருப்பார்கள். காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் இரும்பைத் தொட முடியாது, நல்லவையும் போயிருக்கும். கடைக்காரர் நான் ஒவ்வொரு தலையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “பிடி இல்லாததுதான் சார் பாக்குறீங்க, பிடி போட்டதும் இருக்கே” என்றார். பிடி இல்லாதது எனக்கு வசதி. கண்ணின் உட்புறம் முழுக்கத் தெரியும்.

பிடி நுழையும் துளைதான் கண். சுத்தியலில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நல்ல தலையில் கண் நேர்த்துளையாக இருக்காது. இரண்டு வாயிலும் அகன்று, நடுவில் ஒடுங்கி இருக்கும். கீழ்வாய் வழியாகப் போகும் மரம் ஒடுக்கத்தைத் தாண்டி, மேல்வாயில் ஆப்பு அடித்ததும் விரிந்து பூட்டிக்கொள்வதற்காக அந்த அமைப்பு. யாராவது பெரிய பிடி நுழைப்பதற்காக அந்த ஒடுக்கத்தை டிரில் போட்டு எடுத்திருந்தால் அந்தத் தலையில் எந்தப் பிடியும் நிற்காது. அடுத்து, கண்ணின் இரண்டு பக்கச் சுவர்களின் தடிமன் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு பக்கம் மெல்லியதாக இருந்தால் அங்கேதான் என்றாவது பிளக்கும்.

பிறகு முகம், அதாவது அடிக்கும் பக்கம். ஓரம் சில்லு பெயர்ந்திருப்பது பெரிய குறையில்லை, சரிசெய்யலாம். முகம் காளான் குடைபோல ஓரங்களில் பிதுங்கியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். கடினப்படுத்திய முகம் அப்படிப் பிதுங்காது. சட்டைப்பையில் ஒரு சின்ன அரம் வைத்திருப்பேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, முதலில் தலையின் கன்னத்தில், அதாவது பக்கவாட்டில், ஓர் இழுப்பு. அங்கே அரம் உடனே கடித்துத் தூள் எடுக்கும். அப்புறம் முகத்தின் ஓரத்தில் ஓர் இழுப்பு. அங்கே அரம் வழுக்கி, கிறீச்சென்று சத்தம் போட வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கடித்தால் முகத்தின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

விரிசலைச் சந்தையில் நின்றுகொண்டு முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது. கம்பியில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தால் நல்ல தலை கணீரென்று ஒலிக்கும், பெரிய விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கிப்போகும். சின்ன விரிசலுக்கு வீட்டில் செய்யும் சோதனைதான் சரி. துரு நீக்கிய தலையை மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்கட்டித் தூளை மெல்லியதாகப் பூச வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கருங்கோடாகத் தெரியும். இந்தச் சோதனையில் தேறாத தலையைத் தயங்காமல் எடைக்குப் போட்டுவிடலாம். அடிக்கும்போது தெறிக்கும் எஃகுச் சில்லு கண்ணைப் பறிக்கும்.

எடுத்த பால் பீன் தலையின் கன்னத்தில் துருவுக்கு அடியில் ஒன்றரை என்ற எண் மங்கலாகத் தெரிந்தது. ஒன்றரை பவுண்டு, 680 கிராம். தராசில் வைத்தால் 660-ஐ ஒட்டி நின்றது, மிச்சம் தேய்மானம். மறு கன்னத்தில் ஷெஃபீல்டு என்ற ஆங்கில எழுத்துகளில் பாதி. இங்கிலாந்தின் எஃகு நகரத்துச் சரக்கு. இந்தியாவில் எடை அளவுச் சட்டம் 1956-இல் வந்து, மெட்ரிக் எடை 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பவுண்டு முத்திரை இருப்பதாலேயே அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. பவுண்டில் குறிக்கும் பழக்கம் சுத்தியலில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்திருக்கிறது. எஸ்.ஐ.ஆர். (சவுத் இண்டியன் ரயில்வே) போன்ற பழைய ரயில்வே கம்பெனி முத்திரை இருந்தால் காலத்தை இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். தென்னிந்திய ரயில்வே, மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் 1951 ஏப்ரல் 14-இல் இணைந்து தெற்கு ரயில்வே ஆனதால், அந்த எழுத்துகள் அதற்கு முந்தைய கருவியையே குறிக்கும். இன்றைய ரயில்வே முத்திரை உள்ள கருவியை மட்டும் ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் தொடாதீர்கள். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966-இல் தனிச்சட்டம் போட்டிருக்கிறார்கள்.

முத்திரை எதுவாக இருந்தாலும் அதை அரைத்து அழிக்கக் கூடாது என்பது என் கொள்கை. பழைய சுத்தியலைப் புதுப்பிக்கிறேன் என்று தலை முழுவதையும் கிரைண்டரில் பளபளவென்று தீட்டி, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். வேலை செய்யும் இடங்கள் முகமும் கண்ணும் மட்டுமே. அவற்றைச் சரிசெய்தால் போதும். கன்னத்திலுள்ள அடித்தடங்களும் முத்திரையும் அப்படியே இருக்கட்டும்.

துரு நீக்க நான் பயன்படுத்துவது வெள்ளை வினிகர். மளிகைக் கடையில் கிடைக்கும் 5 சதவீத வினிகரில் தலை மூழ்கும்படி ஓர் இரவு வைத்தால் போதும். காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கருஞ்சேறாக வந்துவிடும். உடனே சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவ வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரிலேயே மஞ்சள் துரு பூக்கும். நாள்கணக்கில் ஊறவிடுவது நல்லதல்ல. துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். அதோடு, கடினப்படுத்திய எஃகு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சினால் நொறுங்கும் தன்மை கூடும். லேசான துருவுக்குப் புளிக்கரைசலே போதும், பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோலத்தான். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி அறையில் உள்ள மற்ற கருவிகளையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும்.

பேட்டரி சார்ஜர் வைத்துச் சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் முறையும் உண்டு. பெரிய சம்மட்டிக்கு அது வசதி. அதில் நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை வைக்கக் கூடாது. குரோமியம் கரைந்து விஷக் கரைசலாகிவிடும். சாதாரண இரும்புத் தகடுதான் வைக்க வேண்டும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

அடுத்து முகம். பால் பீனின் ஓரத்தில் சில்லு பெயர்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. அந்தப் பள்ளம் மறையும்வரை முகம் முழுவதையும் இறக்குவது வீண்வேலை. கடினம் முகத்திலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம்வரைதான் இருக்கும். அதைத் தாண்டி அரைத்தால் மென்மையான இரும்புதான் மிஞ்சும். ஓரத்தைச் சாய்வாக எடுத்தால் பள்ளம் அந்தச் சாய்வுக்குள் அடங்கிவிடுகிறது. சாய்வு எப்படியும் வேண்டும். கூர்மையான ஓரம்தான் முதலில் சில்லாகத் தெறிக்கும்.

கிரைண்டரில் வைக்கும்போது ஒரு கையில் சுத்தியல், பக்கத்தில் தண்ணீர் வாளி. சக்கரத்தில் சில நொடி தொட்டு, வாளியில் முக்கி, மறுபடி தொட வேண்டும். தலையை வெறுங்கையால்தான் பிடித்திருப்பேன். கையுறை சக்கரத்தில் சிக்கும் ஆபத்து ஒரு காரணம். சூடு ஏறுவது விரலுக்கு உடனே தெரியும் என்பது இன்னொன்று. எஃகு சூடேறும்போது மேற்பரப்பில் நிறங்கள் ஓடும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-ஐ நெருங்கினால் நீலம். முகத்தில் நீலம் ஏறிவிட்டால் அந்த இடத்தின் கடினம் இறங்கிவிட்டது. அரைத்து நீலத்தை மறைக்கலாம், போன கடினம் திரும்பாது. அதனால் சாய்வு எடுத்ததோடு கிரைண்டரை நிறுத்திவிட்டு, மீதியை எமரி தாளில் கையால் செய்தேன்.

பால் பீனுக்கு 220 எண் எமரி போதும் (எண் ஏற ஏறத் தாளின் மணல் பொடியாகும்). பிளானிஷிங் தலைக்கு அது போதாது. அதன் முகத்தில் என்ன கீறல் இருக்கிறதோ அது ஒவ்வோர் அடியிலும் செம்பில் அச்சாகப் பதியும். டிங்கரிங் பட்டறையில் யாரோ அதை உளி அடிக்கவும் பயன்படுத்தியிருக்க வேண்டும், முகமெங்கும் பொத்தல். கனமான கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை ஒட்டி, முகத்தில் மார்க்கரால் கறுப்புப் பூசி, தாளில் வைத்துத் தள்ளினேன். மை அழிந்த இடம் மேடு, மை நிற்கும் இடம் பள்ளம். 80-இல் தொடங்கிப் பொத்தல் எல்லாம் மறையும்வரை அதிலேயே இருக்க வேண்டும். அவசரப்பட்டு 120-க்குத் தாவினால் 80-இன் கீறல் கடைசிவரை துரத்தும். எண் மாற்றும் ஒவ்வொரு முறையும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய கீறல் தீர்ந்ததா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும் தெரியும். 220, 400, 600, 1000, அப்புறம் தோல் துண்டில் பச்சை பஃபிங் சோப்பு.

முகம் முழுத் தட்டையாக இருக்கவும் கூடாது. கை ஒரு துளி சாய்ந்தாலும் தட்டை முகத்தின் ஓரம் தகட்டில் பிறைக்கோடு போடும். அதனால் 400-க்கு மேல் போகும்போது தலையைத் தள்ளிக்கொண்டே மெல்ல ஆட்டி ஆட்டித் தேய்த்தேன். நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு மேடும் ஓரத்தில் இறக்கமும் வரும். நேர்விளிம்பு ஸ்கேலை முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இரண்டு ஓரத்திலும் முடி அளவு இடைவெளி தெரிய வேண்டும். பிறகு ஒரு வீணான செம்புத் துண்டில் தட்டிப் பார்த்தேன். நடுவில் பளபளப்பான வட்டமும் சுற்றிலும் மங்கலும், ஓரக்கோடு இல்லை. அதுதான் சரியான தடம்.

இனி பிடி. அமெரிக்காவில் ஹிக்கரி, இங்கிலாந்தில் ஆஷ். நமக்குக் கருவேலம். வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் நம்பிய மரம், அதிர்ச்சியைத் தாங்கும். புளிய மரம் இன்னும் கனம், கறிக்கடைக் கட்டைக்கும் கொட்டாப்புளி எனும் மரச் சுத்தியலுக்கும் அருமை. ஆனால் அதன் நார் பின்னிப் பின்னி ஓடுவதால், மெல்லிய பிடியாகச் செதுக்கும்போது நார் குறுக்கே அறுந்துபோகும். கடைசல் பட்டறையில் கருவேலக் கட்டை கேட்டபோது, அறுத்ததை விட்டுவிட்டுப் பிளந்ததைத் தரச் சொன்னேன். ரம்பம் நாரைப் பார்க்காமல் நேராகப் போகும், பிளக்கும்போது மரம் நாரின் போக்கிலேயே பிரியும். பக்கவாட்டில் பார்த்தால் நார்க்கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவழியில் கோடு வெளியேறும் இடத்தில்தான் பிடி முறியும்.

பச்சை மரத்தில் பிடி போடுவது வீண். கட்டை பரணில் மாதக்கணக்கில் காய்ந்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் மரம் சுருங்கித் தலை ஆட ஆரம்பித்ததும், சுத்தியலைத் தண்ணீர் வாளியில் போட்டுவைப்பது நம் ஊர்ப் பழக்கம். மரம் உப்பி இறுகும், அன்றைய வேலை நடக்கும். ஆனால் உப்ப இடமில்லாமல் கண்ணுக்குள் நார் நசுங்கிப்போவதால், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். தண்ணீருக்குப் பதில் புது ஆப்பு அடிப்பதே வழி.

பால் பீனுக்கு 35 சென்டிமீட்டர் நீளம் வைத்தேன், பிளானிஷிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. குறுக்குவெட்டு முட்டை வடிவம். வட்டமாக இருந்தால் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. தலைக்குப் பக்கத்தில் தடிமனாகவும், நடுவில் கொஞ்சம் ஒல்லியாகவும், கை பிடிக்கும் இடத்தில் மறுபடி பருத்தும் இருக்க வேண்டும். கண்ணுக்குள் போகும் பகுதியை மர அரத்தால் செதுக்கிச் செதுக்கி, நுழைத்து, எடுத்து, கறுப்பு பட்ட இடத்தை மட்டும் சீவி, மறுபடி நுழைத்துப் பார்க்க வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். கண்ணின் உள் ஓரங்கள் கூராக இருந்தால் அவை நாரை அறுக்கும். வட்ட அரத்தால் அதை முன்னாடியே மழுக்கிவிட்டேன்.

பொருந்தியதும், கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மரத்தில் ரம்பக் கீற்று. பிறகு தலை கீழ்ப்பக்கம் தொங்கும்படி பிடியைக் காற்றில் பிடித்து, பிடியின் அடிமுனையில் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். பார்க்க விநோதமாக இருக்கும். ஆனால் தலையின் எடை அதை நின்ற இடத்தில் நிறுத்த, பிடி அதற்குள் இறங்கிக்கொண்டே போகும். தரையில் குத்துவதைவிட இது நேராக ஏறும். இறங்காத நிலை வந்ததும் கருவேல ஆப்பைக் கீற்றில் அடித்து, மிச்சத்தை அறுத்து, அதன்மேல் சாய்வாக ஒரு சின்ன இரும்பு ஆப்பு. பசை எதுவும் போடவில்லை. அடுத்த தடவை பிடி மாற்றுபவருக்கு அது தொந்தரவு.

பிடிக்கு வார்னிஷ் அடித்தால் கை வழுக்கும், கொப்புளமும் வரும். ஆளி விதை எண்ணெய் பூசினேன். அது காற்றில் காய்ந்து இறுகி மரத்தோடு சேரும். தேங்காய் எண்ணெய் அப்படிக் காயாது, பிசுக்காகவே நிற்கும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

மூன்றாவது, கிராஸ் பீன் தலை, பிறகு ஒரு காயலான் கடையில் கிடைத்தது. கண்ணுக்குள் கரி ஒட்டியிருந்தது. உடைந்த பிடியை எடுக்க யாரோ தலையோடு தீயில் போட்டிருக்கிறார்கள். அரம் முகத்தையும் கன்னத்தையும் ஒரே மாதிரி கடித்தது. தீயில் கடினம் முழுக்க இறங்கிவிட்டது என்று தெரிந்தே வாங்கினேன். ஏனென்றால் அதன் வடிவம் நான் தேடிக்கொண்டிருந்தது. விரிசல் சோதனையில் தேறியதும், தெரிந்த கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறை அண்ணன் தலையைக் கையில் வாங்கி, ஓரத்தைச் சாணைக்கல்லில் தொட்டுப் பொறியைப் பார்த்தார். கொத்துக் கொத்தாக வெடிக்கும் பொறி, கரிச்சத்து போதுமானது. அடுப்பில் வைத்துச் செக்கச் சிவந்ததும் காந்தத்தால் தொட்டுப் பார்த்தோம். 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் கடினமாக்கும் சூடு. குறட்டால் எடுத்து முகத்தை மட்டும் இரண்டு விரற்கடை தண்ணீரில் இறக்கினார். இறக்கியதும் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன். “ஒரே எடத்துல வெச்சா தண்ணி மட்டத்துல கோடு விழும் தம்பி, பின்னாடி அங்கதான் ஒடியும்.” கடினமும் மென்மையும் ஒரே கோட்டில் சந்திக்காமல் படிப்படியாக மாற வேண்டும் என்பதற்காக அந்த ஆட்டம். திருப்பி மறுமுனைக்கும் அதையே செய்தார். கண் பகுதியைத் தண்ணீரில் விடவே இல்லை. அது மென்மையாகவே இருந்தால்தான் அதிர்ச்சி தாங்கும்.

அந்த நிலையில் முகம் கடினம்தான், ஆனால் நொறுங்கும். அதைப் பதப்படுத்த, முகத்தை எமரியால் வெளுப்பாக்கிவிட்டு, சிவக்கக் காய்ச்சிய ஒரு முளையைக் கண்ணுக்குள் செருகினார். சூடு கண்ணிலிருந்து இரு முனைகளுக்கும் மெல்ல நகர்ந்தது. முதலில் கன்னத்தில் நீலம், அதற்கு முன்னால் ஊதா, அதற்கு முன்னால் பழுப்பு, எல்லாவற்றுக்கும் முன்னே வைக்கோல் மஞ்சள், வரிசையாக முகத்தை நோக்கி நகர்ந்தன. மஞ்சள் முகத்தைத் தொட்டுப் பழுப்பாகத் திரும்பிய நொடியில் முளையை உருவிவிட்டுத் தலையைத் தண்ணீரில் போட்டார்.

ஆறியதும் அரத்தை இழுத்தேன். முகத்தில் வழுக்கியது, கன்னத்தில் கடித்தது. ஓரச் சாய்வை மறுபடி எடுத்து, கருவேலப் பிடி போட்டேன். புதிதாகக் கடினப்படுத்திய தலையை நேராக இரும்பில் அடிக்கக் கூடாது. கண்ணாடி அணிந்துகொண்டு முதலில் மரக்கட்டையில், பிறகு ஈயத்தில், பிறகு தடித்த செம்பில் அடித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பின் ஓரத்தை லென்ஸில் சோதித்தேன். சில்லு இல்லை. குறுக்கு முனையின் ஆரம் இப்போது கொஞ்சம் கூராக இருக்கிறது. 20 கேஜ் தடிமனுள்ள செம்பில் தடம் ஆழமாக விழுகிறது, இன்னும் மழுக்க வேண்டும்.